கடல், மலை, செம்மண்: சாலையோடு பொழுதையும் தேர்ந்தெடுங்கள்

1950 டிசம்பர் 26. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரிலிருந்து ஓர் இளம்பெண் தனியாகப் பைக்கில் புறப்பட்டார். பெயர் வினிஃப்ரெட் வெல்ஸ், வயது 22, வண்டி 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட். கண்டத்தைக் குறுக்கே கடந்து சிட்னிக்குப் போய், மறுபடியும் பெர்த் வந்து சேர்ந்தபோது 21 நாட்கள் ஆகியிருந்தன. ஓடிய தூரம் ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர். அதுவோ உச்சிக்கோடை. நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் எயர் நெடுஞ்சாலை அன்று வெறும் மண்ணும் புழுதியும்தான். அதற்கு முழுமையாகத் தார் போட்டு முடித்தது 1976இல்.

அந்தப் புல்லட்டை 1955 முதல் மதராஸில் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று சென்னையை ஒட்டிய ஆலைகளில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் சிட்னியிலும் மெல்போர்னிலும் ஓடுகின்றன. அங்கே புதிதாக உரிமம் எடுப்பவர்கள் 660 சிசிக்கு மிகாத, எடைக்கேற்ற சக்தி வரம்புக்கு உட்பட்ட வண்டிகளை மட்டுமே ஓட்ட முடியும். 648 சிசி இன்டர்செப்டர் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால், அந்த ஊர்களில் குடியேறிய தமிழ் இளைஞர்கள் தங்களுக்குப் பழக்கமான வண்டியிலேயே முதல் நீண்ட பயணத்தைத் தொடங்கலாம். இந்தியாவைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் நாடு என்பது இன்னொரு வசதி.

ஆனால் எந்தச் சாலை? பலரும் படத்தைப் பார்த்துச் சாலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடலோர வளைவு, பனி மூடிய சிகரம், அடிவானம்வரை நீளும் செம்மண் ஆகியவற்றைக் கண்டதும் கிளம்பிவிடுகிறார்கள். படம் நிலத்தைக் காட்டும். அங்கே எந்த மாதம் போக வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லாது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று வகுத்தபோது நிலத்தையும் பொழுதையும் ஒன்றாகவே வைத்தது. நெய்தலுக்கும் குறிஞ்சிக்கும் பாலைக்கும் தனித்தனிப் பொழுது சொன்னது. ஆஸ்திரேலியாவில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு உயிர்காக்கும் அறிவு அதுதான்.

கடற்கரை: காலையில், கடல் இடப்பக்கம் இருக்க

மெல்போர்னிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் டார்கி என்ற கடற்கரை ஊர். அங்கே தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை 240 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது கிரேட் ஓஷன் ரோடு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள், மடிந்த தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை உழைத்து அமைத்த சாலை இது. பெரிய இயந்திரங்கள் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, தள்ளுவண்டி. எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. முழுத் திட்டத்தையும் முன்னின்று நடத்திய ஜீலாங் நகர மேயர் ஹோவர்டு ஹிட்ச்காக், 1932 நவம்பரில் நடந்த திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பே காலமானார். ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் நினைவு வளைவுக்கு அடியில்தான் எல்லா வண்டிகளும் கடந்து போகின்றன.

லார்ன் முதல் அப்போலோ பே வரை உள்ள பகுதிதான் பைக் ஓட்டிகளுக்கு விருந்து. மலைச்சரிவை வெட்டி எடுத்த சாலை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேர்கீழே கடல். மேற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கத் தடம் கடலை ஒட்டியே வரும். காலையில் கிளம்பினால் வெயிலும் முதுகுப்பக்கம் இருக்கும். அதே சாலையில் பொழுது சாயும் வேளையில் மேற்கே போனால், பல வளைவுகளில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். எதிரே வரும் வண்டியின் உருவம்கூடத் தெரியாது. அப்போலோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி ஓட்வே மழைக்காட்டுக்குள் நுழைகிறது. மரநிழலில் ஈரம் காயாத இடங்களில் டயர் வழுக்கும்.

காட்டைக் கடந்தால் சுண்ணாம்புக்கல் தூண்கள் கடலில் நிற்கும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். பெயரில் பன்னிரண்டு இருந்தாலும் அத்தனை தூண்கள் அங்கே இல்லை. 2005 ஜூலையில் ஒரு தூண் சில வினாடிகளில் நொறுங்கி விழுந்தது. சற்று மேற்கே, பாலம்போல் இருந்த லண்டன் பிரிட்ஜ் பாறையின் ஒரு வளைவு 1990 ஜனவரியில் இடிந்தது. அப்போது மறுமுனையில் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். இதையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவுக்குள் மெல்போர்ன் திரும்ப நினைப்பது உடம்புக்கும் ஆபத்து, கண்ணுக்கும் வீண். போர்ட் கேம்பெல் அல்லது அப்போலோ பேயில் ஓர் இரவு தங்கி, மறுநாள் கோலாக் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் திரும்புவதே அனுபவசாலிகள் செய்வது.

சிட்னிக்காரர்களுக்கு இவ்வளவு தூரம் வேண்டியதில்லை. நகரின் தெற்கு எல்லையிலேயே, 1879இல் அறிவிக்கப்பட்ட ராயல் தேசியப் பூங்கா தொடங்குகிறது. உலகின் மிகப் பழைய தேசியப் பூங்காக்களில் ஒன்று அது. பூங்காச் சாலை முடிகிற இடத்தில் பால்டு ஹில் மேடு. அதன் கீழே உள்ள ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில்தான் 1894 நவம்பரில் லாரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்து 16 அடி உயரம் எழும்பிக் காட்டினார். அவர் பெயரைத் தாங்கிய சாலை, பாறைகள் உருண்டு விழுந்துகொண்டே இருந்ததால் 2003இல் மூடப்பட்டது. பிறகு மலையை விட்டு விலகி, கடலுக்கு மேலேயே தூண் நட்டு 665 மீட்டர் நீளப் பாலம் கட்டி 2005 டிசம்பரில் திறந்தார்கள். அதுதான் சீ கிளிஃப் பாலம். இங்கேயும் தெற்கு நோக்கிப் போனால் கடல் இடப்பக்கம். கனமழைக்குப் பிறகு பூங்காவுக்குள் ஆட்லி தடுப்பணை நிரம்பிச் சாலை மூடப்படும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மலை: வளைவைவிடத் தரையைப் பாருங்கள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியவருக்கு ஆஸ்திரேலிய மலைச்சாலை எளிதாகத் தோன்றும். அந்த நினைப்பில்தான் ஆபத்து. கொல்லிமலையில் வளைவு வண்டியின் வேகத்தை அடக்கிவிடும். இங்கே அகலமான, வழவழப்பான வளைவுகள் வேகத்தைக் கூட்டச் சொல்லி இழுக்கும். வளைவு முடிவதற்குள் இன்னும் இறுகும்.

சிட்னிக்கு வடமேற்கே வின்ட்சரிலிருந்து சிங்கிள்டன் வரை சுமார் 170 கிலோமீட்டர் ஓடும் புட்டி ரோடு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒருபக்கம் வொலமை தேசியப் பூங்கா, மறுபக்கம் யெங்கோ. டைனோசர் காலத்தோடு அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட மரவகையின் உயிருள்ள கூட்டம் 1994இல் வொலமைக் காட்டின் ஒரு பள்ளத்தாக்கில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தச் சாலையில் இடையில் ஊர்கள் மிகக் குறைவு, நீண்ட தூரத்துக்கு அலைபேசித் தொடர்பும் இல்லை. டேங்கை நிரப்பாமல் இறங்கக் கூடாத சாலை. புதியவர்கள் ரிச்மண்டிலிருந்து ஆப்பிள் தோட்ட ஊரான பில்பின் வழியாக லித்கோ போகும் பெல்ஸ் லைன் ஆஃப் ரோடில் தொடங்கலாம். வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றைக் கடக்கும் பழைய பசிபிக் நெடுஞ்சாலைக்கு வார இறுதிக் காலைகளில் பைக்குகள் வரிசைகட்டும். அதிவேகச் சாலை வந்து லாரிகள் அந்தப்பக்கம் போனதால், பழைய வளைவுகள் பைக் ஓட்டிகளுக்குக் கிடைத்தன.

மெல்போர்னின் கிழக்கே ஹீல்ஸ்வில் ஊரைத் தாண்டினால் பிளாக் ஸ்பர். மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரங்கள் இருபுறமும் வானளாவி நிற்கின்றன. பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமாக வளர்பவற்றில் ஒன்று இந்த இனம். அழகு மேலே, ஆபத்து கீழே. உரிந்து விழுந்த பட்டைகளும் நனைந்த சருகும் வளைவின் நடுவில் கிடக்கும். நிழலான சாலை என்பதால் மதியம் வரை ஈரம் இருக்கும். இங்கிருந்து எட்டும் மேரிஸ்வில், 2009 பிப்ரவரி 7 காட்டுத்தீயில் ஏறக்குறைய முழுதும் எரிந்து, மீண்டும் கட்டப்பட்ட ஊர். அந்த ஒரே நாள் தீயில் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். கோடையில் தீ எச்சரிக்கை உயர்ந்த நாளில் மலைப்பக்கம் போகாதீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த அனுபவம்.

விக்டோரியாவின் மலைச்சாலைகளில் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். வளைவோரத்து இரும்புத் தடுப்புக்குக் கீழே, தரையை ஒட்டி இன்னொரு தகடு ஓடும். காருக்கு அது தேவையில்லை. விழுந்து சறுக்கிவரும் பைக் ஓட்டி, தடுப்பைத் தாங்கும் கம்பத்தில் நேராக மோதாமல் தகட்டின் மீது வழுக்கிச் செல்வதற்காகப் பொருத்தியது. 2002 முதல் அம்மாநிலம் பைக் பதிவுக்கட்டணத்தோடு ஒரு பாதுகாப்பு வரியும் வாங்கி, இத்தகைய வேலைகளுக்குச் செலவிடுகிறது. பைக்குக்கு ஹெல்மெட்டை உலகிலேயே முதலில், 1961இல், கட்டாயமாக்கிய மாநிலமும் விக்டோரியாதான்.

இன்னும் உயரம் வேண்டுவோர் வாங்கரட்டாவிலிருந்து பெர்ன்ஸ்டேல் வரை 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் கிரேட் அல்பைன் ரோடைத் தேடிப் போகிறார்கள். பனிச்சறுக்கு ஊரான மவுண்ட் ஹோத்தமைத் தொட்டுச் செல்லும் சாலை அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பனிக்காலம். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனி தார்மேல் படிந்திருக்கும்போது இரண்டு சக்கரத்துக்கு அங்கே வேலையில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். ஜின்டபைனிலிருந்து த்ரெட்போ வழியாகக் கான்கோபன் இறங்கும் அல்பைன் வே சாலைக்கும் இதே கணக்குதான். 1949இல் தொடங்கிய ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்காக, முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் உழைத்த மலைகள் அவை.

பாலை: குளிர்காலத்தில், பொழுது சாய்வதற்குள்

சிட்னியிலிருந்து மேற்கே சுமார் 1,150 கிலோமீட்டரில் புரோக்கன் ஹில். டப்போ, நிங்கன், கோபார், வில்கேனியா என்று ஊர்கள் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். கோபாருக்கும் வில்கேனியாவுக்கும் இடையே மட்டும் சுமார் 260 கிலோமீட்டர். பல பைக்குகளின் டேங்க் அளவை நினைத்தால், பெட்ரோல் பங்க் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று கேட்டு வைக்காமல் புறப்பட முடியாது. இரண்டு அல்லது மூன்று நாள் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தூரம் இது.

போய்ச் சேர்ந்தால் கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் அந்த ஊர் தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தைப் பின்பற்றுகிறது. வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்க நகரம்; பிஹெச்பி நிறுவனம் 1885இல் பிறந்த இடம். ரயில் எட்டாத பாலைக்குச் சரக்கு ஏற்றிப்போன ஒட்டகக்காரர்கள் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தகரத்தில் கட்டிய சிறிய பள்ளிவாசல் இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. 25 கிலோமீட்டர் தள்ளி சில்வர்டன். 1981இல் வெளியான ‘மேட் மேக்ஸ் 2’ படமாக்கப்பட்டது இந்தப் பகுதியில்தான். முண்டி முண்டி மேட்டில் நின்றால் படத்தில் வந்த அதே சமவெளி கண்முன் விரியும்.

மெல்போர்னிலிருந்து பாலையைத் தொட எளிய வழி மில்டூரா. சுமார் 540 கிலோமீட்டர். அங்கிருந்து 110 கிலோமீட்டரில் முங்கோ தேசியப் பூங்கா. வற்றிப்போன ஏரியின் கரையில் காற்று குவித்த மணல்மேடுகளில், சுமார் 42,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனித எச்சங்கள் 1968 முதல் கிடைத்தன. மழை பெய்தால் அந்தப் பக்கத்து மண்சாலைகள் மூடப்படும். மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதமும் உண்டு.

பாலைக்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. பகல் இதமாக இருக்கும், இரவில் நடுக்கும். மாலை நான்கு, நான்கரைக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். கங்காரு சாலையோரப் புல்லைத் தேடி வருவது பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும்தான். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் பைக்குக் குறுக்கே கங்காரு பாய்ந்தால் பிரேக் பிடிக்க நேரமே இருக்காது. மிக நீளமான ‘ரோடு ட்ரெய்ன்’ லாரிகள் எதிரே வரும்போது காற்று ஒருமுறை தள்ளும், கடந்ததும் ஒருமுறை இழுக்கும். கைப்பிடியை இறுக்காமல், உடலைத் தாழ்த்தி, தடத்தின் இடப்பக்கமாக ஒதுங்கிக்கொள்வதே வழி. அலைபேசி எடுக்காத இடங்களுக்குப் போகிறவர்கள் செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் சிறு கருவி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பெட்டியில் வைக்கக் கூடாது: விழுந்தால் வண்டி ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் கிடக்க நேரலாம்.

கிளம்புமுன்

உடுப்பு விஷயத்தில் ஆஸ்திரேலியா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2018 முதல் ‘மோட்டோகேப்’ என்ற திட்டம் கடைகளில் விற்கும் பைக் ஜாக்கெட், பேன்ட், கையுறைகளை ஆய்வகத்தில் சோதித்து நட்சத்திர மதிப்பெண் தருகிறது. ஜாக்கெட், பேன்ட்டுக்கு உராய்வையும் அடியையும் தாங்கும் திறனுக்கு ஒரு மதிப்பெண், வெயிலில் உடல் சூட்டை வெளியேவிடும் திறனுக்கு இன்னொன்று. முடிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விலையை மட்டும் பார்த்து வாங்குவதற்குப் பதில் இந்த இரண்டு எண்களையும் பார்த்து வாங்கினால் காசும் மிஞ்சும், தோலும் மிஞ்சும்.

தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் தங்கள் உரிமத்தில் கியர் உள்ள இருசக்கர வண்டிக்கான அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, சர்வதேச அனுமதிச்சீட்டையும் எடுத்துக்கொள்வது நல்லது. வாடகைக்கு எடுத்தால், மண்சாலையில் ஓட்ட ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று முதலிலேயே படிக்க வேண்டும்; பெரும்பாலும் தராது, மீறினால் காப்பீடு கைகொடுக்காது.

முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு சுலபமான தொடக்கம் உண்டு. சிட்னியில் இருப்பவர் மார்ச் அல்லது ஏப்ரலில், மழையில்லாத ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி, ராயல் பூங்கா வழியாகச் சீ கிளிஃப் பாலத்தைக் கடந்து உலங்காங் வரை போய், கடற்கரையில் காப்பி குடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். மெல்போர்னில் இருப்பவர் அதே மாதங்களில் டார்கியிலிருந்து லார்ன் வரை மட்டும் போய் வரலாம். அதில் கை பழகிய பிறகு அக்டோபரில் பெல்ஸ் லைன், நவம்பரில் ஹோத்தம், அடுத்த ஜூனில் புரோக்கன் ஹில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.