பாசிப் பெண்களும் 21 தீவுகளும்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளுக்கு ஒரு காலத்தில் யாரையும் கேட்டுப் போகவேண்டியதில்லை. கடல்பாசி எடுக்கும் பெண்கள் அரிசியும் குடிதண்ணீருமாக வள்ளம் ஏறுவார்கள். தீவிலேயே நாள்கணக்கில் தங்கி, கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் பறித்துக் காயவைத்து மூட்டையோடு திரும்புவார்கள். அதே கடலில் வேறு சிலர் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அதையும் யாரும் கேட்கவில்லை. அப்படி வெட்டியதும் ஒரு காரணமாக, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கடியில். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1986-இல் தீவுகளும் சுற்றுக்கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா ஆனது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001-இல் பவளத்துக்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. பாறை வெட்டும் தொழில் ஓய்ந்தது. நல்லதுதான். ஆனால் பாறையை வெட்டியவருக்கும் பாசியைப் பறித்தவளுக்கும் எல்லை ஒன்றாகவே விழுந்தது. தலைமுறையாகப் போய்வந்த தீவோரத்தில் பெண்கள் பிடிபட்டார்கள், பாசி பறிபோனது.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை: முங்கும் முறை இன்றும் அதுவே. முங்கும் நாள்களை மட்டும் தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 எனக் குறைத்துக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டியை விட்டுக் கையால் பறித்தார்கள். விசைப்படகுகளுக்கு 45 நாள் தடைக்காலம் வந்தபோது, தங்களைக் கட்டாத அந்த விதியைத் தாங்களும் ஏற்றார்கள். 2015-இல் அவர்களில் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது.

இன்று கடலோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. கூட்டம் நடக்கிறது, பதிவேட்டில் கையெழுத்து விழுகிறது, கடன் கிடைக்கிறது. முன்பு வாயைத் திறக்கவே இடமில்லாத பெண்களுக்கு இது சின்ன லாபமல்ல. எந்தக் கடலில் இறங்கலாம் என்ற பேச்சு வந்தால்தான் கூட்டம் நின்றுவிடுகிறது. தேசியப் பூங்காவின் எல்லையை மாற்ற, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி டெல்லியிலுள்ள தேசிய வன உயிரின வாரியம் பரிந்துரைக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தின் தீர்மானத்துக்கு அங்கே இடமில்லை.