கள்ளக்குறிச்சி நச்சுச்சாராய நிகழ்வும் இணைய மருத்துவத் தகவலின் நம்பகத்தன்மையும்: மணிமேகலை அளவை நெறி வழி ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இணையவழிப் பரவும் மருத்துவத் தகவலை மதிப்பிட வகுக்கப்பட்ட அளவுகோல்கள் பெரும்பாலும் 'சொன்னவர் யார்' என்னும் வினாவையே முதன்மையாகக் கொள்கின்றன. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நிகழ்ந்த மெத்தனால் உயிரிழப்புகளின்போது அவ்வினா மட்டும் போதாது என்பது வெளிப்பட்டது. மணிமேகலையின் 27ஆம் காதை கூறும் அளவைகளையும் அளவைப் போலிகளையும், தமிழ் வினைமுற்று உணர்த்தும் உறுதிநிலையையும் துணையாகக் கொண்டு இத்தகைய தகவலை மதிப்பிடும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவத் தகவல், அளவை, ஐதிகம், தேராது தெளிதல், மெத்தனால், கல்வராயன் மலை

அளவுகோல்களும் அவற்றின் எல்லையும்

இணையம் பொதுமக்களிடம் பரவத் தொடங்கிய காலத்திலேயே அதில் கிடைக்கும் மருத்துவச் செய்திகளின் தரம் பற்றிய கவலையும் தோன்றிவிட்டது. 1996இல் ஜெனிவாவைச் சார்ந்த ஹெல்த் ஆன் தி நெட் அமைப்பு எட்டு நெறிகளை வகுத்து, அவற்றுக்கு இணங்கும் தளங்களுக்குச் சான்று வழங்கியது. 1997இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழ் எழுதியவர் பெயர், சான்று மூலம், உரிமையும் நிதியும் பற்றிய வெளிப்படை, வெளியிட்ட நாள் ஆகிய நான்கையும் அடிப்படைத் தேவைகளாக முன்வைத்தது. அதையடுத்து ஆக்ஸ்போர்டில் உருவான டிசெர்ன் என்னும் வினாநிரல், சிகிச்சை பற்றிய எழுத்துத் தகவலைப் பதினாறு வினாக்களால் அளந்தது. இவற்றுள் முதலாவது அமைப்பு 2022 இறுதியில் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

இவை பயனற்றவை அல்ல. ஆயினும் மூன்றும் ஒரு பக்கத்தையும் அதற்கோர் ஆசிரியரையும் நாளையும் முன்னிறுத்தி எழுந்தவை. தமிழ்நாட்டின் சிற்றூரில் மருத்துவச் செய்தி இன்று வந்துசேரும் வடிவம் வேறு. வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுக்கு ஆசிரியர் இல்லை. பலமுறை கைமாறிய காணொளித் துண்டுக்கு நாள் இல்லை. 2020இன் தொடக்கத்தில் ஈரானில் மதுவகை கொரோனாத் தொற்றைத் தடுக்கும் என்ற செய்தி கைப்பேசி வழிப் பரவ, மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துச் சில நூறு பேர் மாண்டனர். அச்செய்தியை அனுப்பியவர் யார் என்று கேட்டிருந்தால் ஒவ்வொருவருக்கும் தமக்குத் தெரிந்த ஒருவர் பெயரே விடையாகக் கிடைத்திருக்கும்.

கருணாபுரத்தில் நிகழ்ந்தது

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து செயல்படத் தொடங்கியது. அதன் தலைநகரின் ஒரு பகுதியாகிய கருணாபுரத்தில் 2024 ஜூன் 18, 19 ஆகிய நாள்களில் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தனர். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் முண்டியம்பாக்கம், சேலம் ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். முந்தைய ஆண்டு மே மாதத்தில்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நஞ்சால் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

இறப்புகள் தெரியவந்த முதற்கட்டத்தில், அவற்றுக்குச் சாராயம் காரணமல்ல, பிற உடல்நலக் காரணங்களே எனும் பொருள்பட மாவட்ட நிர்வாகத்தின் விளக்கம் செய்தியாளர்களிடம் வைக்கப்பட்டது. தெருவில் உலவிய பேச்சோ சாராயமே காரணம் என்றது. மெத்தனால் உறுதிப்பட்டபோது தெருவின் பேச்சே உண்மையாயிற்று. மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். மறுப்புச் செய்தியை நம்பிச் சிலர் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதித்தனர் என்ற குற்றச்சாட்டு அதன்பின் அரசியல் அரங்கில் வலுவாக எழுந்தது.

தாமதம் என்னும் சொல்லின் கனத்தை மெத்தனாலின் இயல்பே காட்டுகிறது. குடித்தவுடன் அது சாதாரணப் போதையையே தருகிறது. கல்லீரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாகவும், பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இவ்வமிலமே இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. கடும் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும். எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். 'குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று ஒருவர் உறுதியாகச் சொல்லக்கூடிய அந்த இடைவேளையே அவரைக் காப்பாற்ற ஏற்ற காலமும் ஆகும். அப்போது அவரிடம் சேரும் ஒரு வாக்கியம் மருந்துக்கு நிகரானது, அல்லது நஞ்சுக்கு நிகரானது.

அதிகாரப்பூர்வ மூலத்தை நம்புக என்பதே இணையத் தகவல் பற்றிய வழிகாட்டுதல்களின் முதல் அறிவுரை. கருணாபுரத்தில் அவ்வறிவுரையைப் பின்பற்றியவர் தவறான செய்தியையே பெற்றிருப்பார். இதனால் வதந்தியை நம்பலாம் என்று முடிவுகட்டுவது அதனினும் பெரிய பிழை. 2018 ஜூலையில் திருப்பூரில் காணொளிகளைப் பின்பற்றி வீட்டிலேயே மகப்பேறு பார்க்க முயன்றதில் இளந்தாய் ஒருவர் உயிரிழந்தார். அங்கே பொய்த்தது இணையத்தின் குரல். சொல்பவரை விலக்கிச் சொல்லப்பட்டதன் மெய்ம்மையை நாடச் சொல்லும் 423ஆம் குறள் மேடைகளில் தேய்ந்துபோன ஒன்று. ஆனால் மெய்ம்மையை எவ்வாறு நாடுவது என்ற வழிமுறை அக்குறளில் இல்லை. அது மணிமேகலையில் உண்டு.

அளவையும் அளவைப் போலியும்

'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யில் வஞ்சி நகரின் அளவைவாதி மணிமேகலைக்கு அறிவு பிறக்கும் வாயில்களாகக் காட்சி, அனுமானம், உவமம், ஆகமம் முதலிய பத்தைக் கூறுகிறான். தொடர்ந்து அளவை போலத் தோன்றி அளவையாகாத எட்டையும் எடுத்துரைக்கிறான். இப்பகுதி தத்துவ வரலாற்றுக்குரியதாகவே பெரிதும் பயிலப்படுகிறது. அன்றாடச் செய்தியைச் சோதிக்கும் கருவியாகவும் அது பயன்படும்.

ஐதிகம் என்பது உலகோர் வழிவழியாகச் சொல்லிவருவதை ஏற்றல். ஒரு மரத்தில் பேய் உண்டு என ஊரார் சொல்வதைக்கொண்டு தெளிவதே காப்பியம் தரும் எடுத்துக்காட்டு. கைமாறி வரும் மருத்துவக் குறிப்புகளில் பெரும்பகுதி இவ்வகையினது. ஐதிகத்தையும் அளவைவாதி அளவையாகவே எண்ணுகிறான் என்பது நோக்கத்தக்கது. ஊர்ப்பேச்சு பொய்யென்றே தள்ளத்தக்கதன்று. பிற அளவைகளோடு பொருந்துகிறதா எனக் காணத்தக்கது. கருணாபுரத்தில் அப்பொருத்தம் இருந்தது. ஒரே தெருவினர், ஒரே நாள், ஒரே குடி, ஒத்த அறிகுறி என்பவை காட்சியாகவே கிடைத்தன.

அனுமானத்தின் வகைகளுள் ஒன்றாகிய எச்சம், விளைவைக் கண்டு காரணத்தை உணர்தல். ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேற்புறத்தில் மழை பெய்ததை அறிவது காப்பியத்தின் எடுத்துக்காட்டு. கச்சிராயப்பாளையத்தை அடுத்த கோமுகி அணையில் நீர் உயர்ந்தால் கல்வராயன் மலையில் மழை என்று அறியும் உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்வை மங்கல், வயிற்றுவலி, மூச்சுத்திணறல், இரத்தத்தில் அமிலமிகுதி ஆகியவை ஒருங்கே பலரிடம் காணப்பட்டால் ஆய்வக முடிவு வருமுன்பே மெத்தனால் எனக் கருதிச் சிகிச்சை தொடங்குவதும் எச்ச அனுமானமே.

போலிகளுள் ஐயமும் தேராது தெளிதலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டுக்கும் காப்பியம் ஒரே பொருளை எடுத்துக்காட்டுகிறது. நிற்பது தறியோ மனிதனோ என மயங்கல் ஐயம். ஆராயாமல் தறியை மனிதன் எனக் கொள்ளுதல் தேராது தெளிதல். அளவைவாதிக்கு இரண்டும் குற்றமே. மருத்துவத் தகவலைப் பொறுத்தவரை இங்கே காப்பியத்திலிருந்து விலக வேண்டியுள்ளது. ஐயத்தை ஐயமாகவே அறிவித்தல் குற்றமன்று, கடமை. 2024 ஜூன் 19இல் உண்மையில் இருந்த அறிவுநிலை ஐயமே. மக்களைச் சென்றடைந்ததோ தெளிவு.

பெயர் மயக்கம்

இப்பியை வெள்ளியாகக் காண்பது போல ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது திரியக் கோடல். இந்நிகழ்வில் அது சொல்லளவில் பலமுறை நேர்ந்தது. செய்தித்தாள்கள் கள்ளச்சாராயம், விஷச்சாராயம் என்னும் சொற்களை ஒருபொருட் சொற்களாகவே ஆண்டன. முன்னது சட்டத்தைப் பற்றிய சொல். பின்னது வேதியியலைப் பற்றியது. ஊறல் போட்டுக் காய்ச்சுவதில் பெரும்பாலும் எத்தனாலே உண்டாகும். கருணாபுரத்தில் கொன்றதோ ஆலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால். இவ்வேறுபாடு மறைந்ததால் 'வழக்கமாகக் குடிப்பதுதானே' என்னும் நம்பிக்கைக்கு இடம் ஏற்பட்டது; மறுபுறம், ஊறல் போடுதலுக்குப் பெயர்பெற்ற கல்வராயன் மலையின் மீதே பழி முழுதும் ஏறியது. சாராயத்தைக் கொளுத்திச் சுடரின் நிறத்தால் நஞ்சை அறியலாம் என்ற நம்பிக்கையும் இத்தகையதே. இரண்டு சாராயமும் நீலச் சுடரே விடும். கலவையை அச்சோதனை பிரித்துக் காட்டாது.

மருந்தின் பெயரிலும் மயக்கம் நேர்ந்தது. மெத்தனால் நஞ்சுக்கு முறிவு ஃபோமெபிசோல். சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர் மருந்துத் தட்டுப்பாடு பற்றிப் பேசுகையில் ஒமெப்ரசோல் என்னும் பெயர் வந்தது. அது வயிற்றுப்புண்ணுக்குரிய மருந்து, போதிய இருப்பு உண்டு என்று சுகாதாரத் துறை அமைச்சர் மறுமொழி கூறினார். தாம் கருதியது ஃபோமெபிசோலே என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆய்த எழுத்தை விட்டு அச்சிடும் தமிழ் வழக்கில் இவ்விரு பெயர்களும் இன்னும் நெருங்குகின்றன. தமிழில் தேடும் ஒருவர் எந்த மருந்தை அடைவார் என்பது எழுத்துப்பெயர்ப்பைப் பொறுத்ததாகிறது.

உண்மையான செய்தியும் துண்டானால் திரிந்துவிடும். எத்தனால் மெத்தனாலுக்கு மாற்று மருந்தாக மருத்துவமனைகளில் பயன்படுவது உண்மை. கல்லீரல் நொதி எத்தனாலையே முதலில் பற்றுவதால் நச்சு அமிலம் உருவாவது தடைப்படுகிறது. அளவிட்டு, இரத்தத்தைச் சோதித்து, தேவையெனில் டயாலிசிஸ் செய்தபடி வழங்கப்படும் அம்மருத்துவம், 'சாராயமே முறிவு' என்னும் ஒற்றை வரியானால் கொலைக்கருவியாகும்.

வினைமுற்றில் உறுதிநிலை

பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவே அறிவிக்கத் தமிழ்ப் பேச்சில் ஒரு சிற்றுருபு உண்டு. 'மோர் குடித்தால் தெளியுமாம்' என்பதில் இறுதி 'ஆம்', அது சொல்பவரின் சொந்த அறிவன்று என்பதை வெளிப்படுத்துகிறது. அதாவது ஐதிகத்தை ஐதிகமெனக் குறியிட்டே பேசும் மொழி இது. அச்செய்தி எழுத்து வடிவில் பகிரப்படும்போது முதலில் உதிர்வது இந்த 'ஆம்'. 'மோர் குடித்தால் தெளியும்' என்றாகி, திண்ணைப் பேச்சு மருத்துவ விதியின் தோற்றம் பெறுகிறது.

மொழிபெயர்ப்பில் இத்தகைய இழப்பே வேறு வழியில் நேர்கிறது. 'உதவக்கூடும்', 'குறைக்கலாம்' என வரவேண்டியவை 'உதவும்', 'குறைக்கும்' என வந்துவிடுகின்றன. எனவே ஒரு குறிப்பைப் படிப்பவர் அதன் வினைமுற்றுகளை மட்டும் எடுத்துப் பார்த்தலே நல்ல தொடக்கமாகும். எல்லா வாக்கியமும் '-உம்' என்றே முடிந்து, ஓரிடத்திலும் '-லாம்', '-கூடும்', 'தெரியவில்லை' என்பவை இல்லையெனில், எழுதியவர் தம் அறிவின் எல்லையைக் குறிக்கவில்லை என்று பொருள். இது பொய்யைக் காட்டும் சோதனையன்று; மேலும் வினவத் தூண்டும் அறிகுறி.

மலையில் தகவல்

வெள்ளிமலை முதலிய கல்வராயன் மலையூர்களில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர், பேசுவது தமிழ். இணையத்தில் அப்பெயரைத் தேடுபவருக்குக் கேரளச் செய்திகளே குவியும் என்பது பெயர் மயக்கத்தின் மற்றொரு முகம். இம்மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டதற்குக் கருணாபுர நிகழ்வே பின்னணி. சாலையும் தொடர்பும் குறைந்த இடத்தில் ஒரு செய்தியைச் சரிபார்க்க இரண்டாவது மூலத்தைத் தேடச் சொல்வது எளிது, செய்வது அரிது. கிராம சுகாதாரச் செவிலியரும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரும், 104 உதவி எண்ணுமே அங்கே அந்த இரண்டாவது மூலம் ஆகின்றனர். ஆகவே அவர்கள் கைக்கு வரும் அறிவிப்பின் வாக்கிய அமைப்பு முதன்மை பெறுகிறது.

மேற்கண்ட அளவைகளின்படி அத்தகைய அறிவிப்பு பின்வருமாறு அமையலாம்: 'நேற்று முதல் சாராயம் குடித்த சிலர் இறந்துள்ளனர். காரணம் இன்னும் உறுதியாகவில்லை. மெத்தனாலாக இருக்கலாம். குடித்தவர்கள் இப்போது நலமாக இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்கு வரவும். வண்டிக்கு 108ஐ அழைக்கவும்.' இதில் கண்டது, தெரியாதது, ஊகிப்பது, செய்யவேண்டியது ஆகியவை தனித்தனி வினைமுற்றுகளில் நிற்கின்றன. ஆய்வக முடிவு வேறாக வந்திருப்பினும் இதன் ஒரு சொல்லையும் திரும்பப் பெற நேர்ந்திராது.