எல்லா ரத்தமும் மூலம் இல்லை: பெருங்குடல் புற்றுக்கு முன்னாடி வர்ற பாலிப்

புதுக்கோட்டையில 1886-ல பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வலியிலிருந்து பிறந்ததுதான் 1954-ல தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அன்னைக்கு நோய் முத்தின பிறகுதான் பெரும்பாலும் தெரியவரும். இன்னைக்குச் சில புற்றுநோய்களை, அது புற்றா மாறுறதுக்கு முன்னாடியே பார்த்து எடுத்துட முடியும். பெருங்குடல் புற்று அதுல ஒண்ணு.

பெருங்குடலோட உள்சுவர்ச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுசா முளைச்சுக்கிட்டே இருக்கும். இந்த வளர்ச்சிக்கு பிரேக் மாதிரி இருக்கிற ஏபிசி என்ற மரபணு கெட்டுப்போனா, அந்த இடத்துல செல்கள் குவிய ஆரம்பிக்கும். அது குட்டிக் காளான் மாதிரி சதையா வளர்ந்தா, அதுக்குப் பேரு பாலிப். அதுல அடினோமா என்ற வகைதான் கவனிக்க வேண்டியது. இன்னும் சில மரபணுக்கள் வரிசையா கெட்டால்தான் அது புற்றாகும். இதுக்குப் பெரும்பாலும் பத்து வருஷம் வரை ஆகலாம். எல்லா அடினோமாவும் புற்றாகிறதும் இல்லை.

பாலிப்புக்கும் முந்தின அடையாளம் உண்டா? 1987-ல ரஞ்சனா பேர்ட் என்ற விஞ்ஞானி, புற்று உண்டாக்கும் ரசாயனம் கொடுத்த எலிகளோட குடலை நீலச் சாயத்துல நனைச்சு மைக்ரோஸ்கோப்புல பார்த்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத, வடிவம் மாறின நுண்குழிகள் அங்கங்கே கூட்டமா தெரிஞ்சது. பிறகு மனுஷங்க குடல்லயும் இதைப் பார்த்தாங்க. இதை எண்ணினாலே யாருக்குப் புற்று வரும்னு சொல்லிடலாம்னு எதிர்பார்ப்பு வந்தது. ஆனா அதுல பெரும்பாலானவை அப்படியே இருக்கும், இல்லைன்னா மறைஞ்சுபோகும். அதனால ஆராய்ச்சிக்குப் பயன்படுற அளவுக்கு, மருத்துவமனைப் பரிசோதனையா அது நிலைக்கலை.

பாலிப் அப்படி இல்லை. அது எச்சரிக்கையும்கூட, எடுத்துப் போடக்கூடிய பொருளும்கூட. கொலோனோஸ்கோப்பி செய்யும்போதே பார்த்து, பெரும்பாலும் அப்பவே அறுத்து எடுத்துடுவாங்க. 1993-ல வெளியான அமெரிக்க ஆய்வுல, அடினோமாவை எடுத்தவங்களுக்குப் பெருங்குடல் புற்று வர்றது, எதிர்பார்த்ததைவிட முக்கால் பங்குக்கு மேல குறைஞ்சிருந்தது.

எடுத்த பாலிப் அடுத்து என்ன நடக்கலாம்னும் சொல்லும். ஒண்ணு ரெண்டு, அதுவும் சின்னதுன்னா ஆபத்து குறைவு. ஒரு சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா, எண்ணிக்கை நிறைய இருந்தா, செல்கள் ரொம்ப மாறியிருந்தா, மூணு வருஷத்துலயே மறுபடி பார்க்கச் சொல்வாங்க. அதனால அந்த பயாப்சி ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அரசு முகாம்கள்ல வாய், மார்பகம், கருப்பைவாய் புற்றுக்குப் பரிசோதனை உண்டு. பெருங்குடலுக்கு அப்படிப் பொதுப் பரிசோதனை கிடையாது. மேலைநாடுகளைவிட இங்க இந்தப் புற்று குறைவு என்பது ஒரு காரணம். அதனால நம்ம உடம்பு காட்டுற அறிகுறியை நாமதான் கவனிக்கணும்.

சிக்கலே அங்கதான். மலத்துல ரத்தம் வந்தா "மூலம்தான், உடம்பு சூடு"ன்னு நாமே முடிவு பண்ணிடுறோம். மோர் குடிக்கிறோம், சுவர் விளம்பரத்தைப் பார்த்துப் போய் மருந்து வாங்குறோம். பல நேரம் அது மூலமாவே இருக்கும். ஆனா மூலம் இருக்கிறவருக்குப் பாலிப்பும் இருக்கலாம். உள்ளே பார்க்காம ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது.

ரத்தம் திரும்பத் திரும்ப வந்தா, மலம் போற பழக்கம் சில வாரமா மாறியிருந்தா, காரணம் தெரியாம எடை குறைஞ்சா, ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ன பெண்களுக்கோ ரத்தசோகை இருந்தா, வயசு எதுவானாலும் டாக்டரைப் பாருங்க. புதுக்கோட்டையில 2017-லேருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்க புறநோயாளிகள் பிரிவுல கேட்டா, அடுத்து என்ன செய்யணும்னு வழி சொல்வாங்க. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்தப் புற்று வந்திருந்தா, அறிகுறி இல்லைன்னாலும் 40 வயசுல, அல்லது அவங்களுக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடி, இதுல எது முதல்ல வருதோ அப்பவே கேளுங்க.

மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டுற ஃபிட் என்ற எளிய சோதனையும் உண்டு. ஆனா சின்னப் பாலிப்புல ரத்தம் கசியாமலே இருக்கலாம். அதனால அறிகுறி இருக்கிறவங்க, ஃபிட்ல ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும் அதோட நிறுத்திடக் கூடாது. கூச்சப்படாம ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.