அரண்மனை மைதானத்தில் ஒலித்த ராக்

எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஒரு பாடகர். ராக் குழுவுக்கு அடிப்படையாக வேண்டியது இவ்வளவுதான். 1960களின் நடுப்பகுதியிலிருந்து 1980கள் வரை இந்த அமைப்பை வைத்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த இசையே இன்று கிளாசிக் ராக் எனப்படுகிறது. பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள் எல்லாம் இந்த வரிசையில் வருபவை.

இதை நேரில் கேட்டால்தான் முழுமை என்று ரசிகர்கள் சொல்வதற்குக் கருவியிலேயே காரணம் இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரைத் தனியே மீட்டினால் மெல்லிய ஓசைதான் வரும். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செப்புச் சுருளும் கொண்ட பிக்கப் இருக்கிறது. கம்பி அதிரும்போது சுருளில் சிறிதளவு மின்சாரம் உண்டாகிறது. அதைப் பெருக்கிக் காட்டுவது ஆம்ப்ளிஃபயர். வால்வு ஆம்ப்ளிஃபயரைத் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் முகடுகள் மழுங்கி, கரகரப்பும் கனமும் கூடி, சுரம் நீண்டு நிற்கும். டிஸ்டார்ஷன் எனப்படும் இந்தக் கரகரப்பே கிளாசிக் ராக்கின் குரலானது. லண்டனில் டிரம்ஸ் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962இல் ஆம்ப்ளிஃபயர் தயாரிக்கத் தொடங்கினார். 'தி ஹூ' குழுவினர் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, சில ஆண்டுகளிலேயே 100 வாட் கருவி மேடையேறியது. பேஸ் கிட்டாரின் ஒலி காதில் கேட்பதோடு நெஞ்சுக்கூட்டிலும் வந்து மோதும். வீட்டு ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதானாலும் அதைத் தராது.

தமிழகத்துக்கு இந்த இசை முதலில் வந்தது வானொலி வழியாக. ரேடியோ சிலோனின் ஆங்கில ஒலிபரப்பும் இசைத்தட்டுகளும்தான் ஒரு தலைமுறைக்கே ஆசான். 1970, 1971 ஆண்டுகளில் சிகரெட் நிறுவனம் ஒன்று பம்பாயில் நடத்திய சிம்லா பீட் போட்டியில் நாடெங்கிலுமிருந்து கல்லூரி வயது இளைஞர்களின் குழுக்கள் மோதின. சென்னையிலிருந்தும் குழு போனது. அந்தப் போட்டிகளின் இசைத்தட்டுகளைப் பழைய ராக் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

மேலை ராக் மேடைகளில் தமிழர் பங்கும் சிறிதல்ல. 1969 ஆகஸ்ட் 15 அன்று வுட்ஸ்டாக் ராக் விழாவில் தொடக்கவுரையாற்றிய சுவாமி சச்சிதானந்தா, கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். 1974இல் பீட்டில்ஸின் முன்னாள் உறுப்பினர் ஜார்ஜ் ஹாரிசன் வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது ரவிசங்கர் தலைமையிலான கலைஞர்களில் வயலினுக்கு எல். சுப்ரமணியமும் மிருதங்கத்துக்கு டி.வி. கோபாலகிருஷ்ணனும் இருந்தார்கள். கிரேட்ஃபுல் டெட் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் உருவாக்கிய 'பிளானட் டிரம்' இசைத்தொகுப்பில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம்; அது கிராமி விருது பெற்றது.

உள்ளூரில் ராக் பயின்ற கைகளுக்குச் சினிமா சோறு போட்டது. டிரம்மர் புருஷோத்தமன், அவருடைய சகோதரரான கிட்டார் கலைஞர் ஆர். சந்திரசேகர் இருவரின் வாசிப்பும் இளையராஜாவின் பாடல்கள் வழியே வீடுதோறும் சென்றது. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவில் இசையமைப்பாளராவதற்கு முன்பு சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவை நடத்தினார். சென்னை ஐஐடியின் 'மார்டி கிரா' விழா 1996 முதல் 'சாரங்' என்ற பெயரில் நடக்கிறது. அதன் திறந்தவெளி அரங்கின் ராக் இரவில், 1970களின் பிரிட்டிஷ் ராக்கிலிருந்து வேர்பிடித்த ஸ்வீடன் குழுவான ஓபெத் 2009இல் வாசித்தது.

ஆனாலும் பெரிய பெயர்களை நேரில் கேட்க வேண்டுமானால் பெங்களூருக்குத்தான் வண்டி ஏற வேண்டியிருந்தது.

அங்கே மேடை அமைந்த இடம் மைசூர் அரச குடும்பத்துக்கு உரிய அரண்மனை மைதானம். சுமார் 450 ஏக்கர் நிலம், நகரின் நடுவிலேயே. 2001இல் டீப் பர்ப்பிள், 2002இல் பிங்க் ஃபிளாய்டின் முன்னாள் உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ், 2005இல் கம்பியை மீட்டும் தகடான பிக் இல்லாமல் வெறும் விரல்களாலேயே கிட்டார் வாசிக்கும் மார்க் நாப்ஃப்ளர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் பேசப்பட்டது 2003 ஏப்ரல் 4. 1962இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன்ஸ் முதன்முறையாக இந்தியாவில் வாசிக்க 41 ஆண்டுகள் ஆயின. மிக் ஜாகருக்கு அப்போது வயது 59, டிரம்மர் சார்லி வாட்ஸுக்கு 61. கோடை மழை கொட்டித் தீர்த்தது. மைதானம் சேறாகியும் கூட்டம் கலையவில்லை. தகப்பன் வாங்கிய இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் அந்தத் தகப்பன்மார்களும் ஒரே சேற்றில் நின்று கேட்ட நிகழ்ச்சி அது.

2007 மார்ச் 17 வேறு மாதிரி. புகழ் மங்கிய பிறகே மேலைக் குழுக்கள் இந்தியா வருகின்றன என்ற குறை ரசிகர்களுக்கு வெகுகாலமாக உண்டு. ஆனால் அன்று அயர்ன் மெய்டன் தன் புதிய இசைத்தொகுப்புக்கான உலகச் சுற்றுப்பயணத்திலேயே பெங்களூருக்கு வந்தது. இந்தக் குழுவின் ரசிகர்களுக்கு ஒரு பழக்கம்: பாடல் வரியோடு நிற்காமல் கிட்டார் மெட்டையும் சொல்லில்லாமல் சேர்ந்து பாடுவார்கள். பல்லாயிரம் பேர் ஒரே சுருதியில் அதைப் பாடும்போது மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையிலான கோடு அழிந்துவிடும். பதிவு செய்த எந்த இசைத்தட்டிலும் கேட்பவரின் குரலுக்கு இப்படி இடம் கிடையாது. நேரில் போவதன் பெரும்பேறு இதுதான். கிளாசிக் ராக்கின் வழித்தோன்றலான மெட்டாலிகா 2011 அக்டோபர் 30 அன்று இதே மைதானத்தில் வாசித்தது. இரண்டு நாள் முன்பு டெல்லியை அடுத்த குர்கானில் நடக்கவிருந்த நிகழ்ச்சி, கூட்டம் தடுப்புகளை உடைத்ததால் கைவிடப்பட்டிருந்தது.

அண்மைக் காலத்தில் பெரிய சுற்றுப்பயணங்கள் மும்பைப் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2019 டிசம்பர் 15 அன்று யு2 நவி மும்பையில் வாசித்தபோது ரஹ்மானும் மேடையேறினார். கன்ஸ் அண்ட் ரோசஸ் 2025 மே மாதம் மும்பைக்கு வந்தது. சென்னையில் எலெக்ட்ரிக் கிட்டார் வேறொரு வழி கண்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கிட்டாரையும் டிரம்ஸையும் பறையோடும் கானாவோடும் சேர்த்துத் தமிழிலேயே பாடியது.