பயிர்க் காவற் துப்பாக்கிக்கு ஏற்ற கிறீஸ்

பெரும்போக நெற்கதிர் முற்றும் வேளையில் வயலுட் புகும் காட்டுப்பன்றிக் கூட்டம், கமக்காரரின் பல மாத உழைப்பை ஓரிரவில் உழக்கி அழித்துவிடும். வேலியும் காவற்பரணும் போதாத இடங்களில், அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு அவருக்குத் துணையாகின்றது. ஆயினும் மாரி மழையில் நனைந்து துருவேறிய துவக்கு, வேண்டிய நேரத்தில் உதவாது. வைத்திருப்பவருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

கிறீசின் வகைகள்

எண்ணெயும், அதனைத் தடிக்கச் செய்யும் ஒருவகைச் சவர்க்காரமும் சேர்ந்ததே சாதாரண கிறீஸ். எண்ணெய் உராய்வைக் குறைக்கின்றது. சவர்க்காரம் அவ்வெண்ணெயை வழிந்தோடாது பிடித்து வைக்கின்றது. ஆகவே, எச்சவர்க்காரம் சேர்ந்தது என்பதை அறிந்தே கிறீசைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

1. சோடியக் கிறீஸ்: வெப்பத்தைத் தாங்கும், ஆனால் நீருடன் கலந்து பால்போலாகிக் கழுவப்பட்டுவிடும். மழையில் நனையும் துவக்குக்கு இது ஆகாது.

2. கல்சியக் கிறீஸ்: நீரை எதிர்க்கும். மிகுந்த வெப்பத்தைத் தாங்காதெனினும், துவக்கின் பொருத்துக்கு இதனைப் பயன்படுத்தலாம்.

3. இலிதியக் கிறீஸ்: நீரையும் வெப்பத்தையும் ஒருங்கே தாங்கும். ஏறத்தாழ 180 பாகை செல்சியசு வரை உருகி வழியாது. இதுவே மிகப் பொருத்தமானது.

கிறீசின் தடிப்பு 000 முதல் 6 வரையுள்ள இலக்கங்களாற் குறிக்கப்படும். துவக்குக்கு 1 அல்லது 2ஆம் இலக்கம் போதும். இருவகைக் கிறீசுகளைக் கலத்தலாகாது; கலந்தால் இளகி வழியக்கூடும்.

எங்கே பூசுவது?

ஐக்கிய அமெரிக்கப் படை 1936இல் ஏற்றுக்கொண்ட எம்-1 காரண்ட் றைபிளில், கடுமழையின்போது எண்ணெய் கழுவப்பட்டு இயக்கம் தடைப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் சறுக்கும் உறுப்புகளுக்குக் கிறீஸ் பூசும் வழக்கம் ஏற்பட்டது. பாரந்தாங்கி உராயும் இடத்துக்குக் கிறீஸ், நுண்ணிய உறுப்புக்கு எண்ணெய் என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க விதி.

மடிக்கும் துவக்கில், குழல் மடியும் பொருத்தாணிக்கும் அதனையொட்டி உராயும் பரப்புக்கும் கிறீஸ் பூசுக. விசைக்கும் வெடியூசிக்கும் ஒரு துளி மெல்லிய இயந்திர எண்ணெயே போதும். தடித்த கிறீஸ் ஊசியின் வேகத்தைக் குறைத்து, வெடி தீராமற் செய்யும்.

பூசும் முறை

முதலிற் தோட்டாவை அகற்றி, குழல் வெறுமையாக உள்ளதா என்று இருமுறை பார்க்க. பழைய கிறீசை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் நெருப்பருகில் அல்லாது துடைத்து, நன்கு உலரவிடுக. பின்னர் விரல்நுனியளவு கிறீசை மெல்லிய படலமாகத் தடவுக. மிகுதியாகப் பூசினால் புழுதி ஒட்டி, அரம்போல் இரும்பைத் தேய்க்கும்.

விலக்க வேண்டியவை

தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசுபிசுப்பாகி விசையை இறுக்கும். உழவு இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எண்ணெயில் அமிலமும் உலோகத்தூளும் இருக்கும். இவ்விரண்டையும் தவிர்க்க.

குழலினுள் கிறீஸ் திரண்டிருக்க, வெடி தீர்த்தால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகலாம். எனவே, காவலுக்குச் செல்லுமுன் உலர்ந்த துணியாற் குழலைத் துடைத்து, ஊடாக வெளிச்சம் தெரிகின்றதா என்று பார்த்தல் கட்டாயம். பழுதுற்ற துவக்கைத் தாமே திருத்த முயலாது, அனுமதி பெற்ற திருத்துநரிடம் ஒப்படைத்தலே தக்கது.

சிறிதளவு கிறீசும் சிறிது நேரக் கவனமும் விளைந்த பயிரைக் காக்கும்; காவலிருப்பவரையும் காக்கும்.