பெரட்டுக் களமும் ஜாவா நிரலும்

உங்கள் தாத்தா பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களா? பெரட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடியுமுன் எல்லாரும் களத்தில் கூடுவார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். மழையில் பட்டை நனைந்திருந்தால் மரம் சீவ முடியாது, பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். 'இன்று வெட்டு இல்லை' என்பது ஒரே செய்திதான். அதைக் கேட்டுச் சீவுபவர் ஒன்று செய்வார், பால் லோரிக்காரர் வேறொன்று செய்வார்.

நிரல் எழுதுவோர் இதை 'அப்சர்வர்' முறை என்பார்கள். 1994-இல் நால்வர் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலில் உள்ள 23 வடிவங்களில் இதுவும் ஒன்று.

ஈப்போவில் ஓடும் கிந்தா ஆற்றுக்கு ஒரு நிரல் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறை நீர்மட்டத்தைச் சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்காகப் பிரிக்கிறது. உங்கள் 'ஆறு' என்ற பொருளில் 'நிலை' என்றொரு பண்பு. அது மாறினால் திரையில் நிறம் மாறவேண்டும், சைரன் ஒலிக்கவேண்டும், குறுஞ்செய்தி போகவேண்டும். மூன்றும் நொடிக்கொரு தரம் 'மாறிவிட்டதா?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை வீண். விட்டுவிட்டுக் கேட்டால் தாமதம். வெள்ளத்தில் தாமதம் ஆபத்து.

ஆகவே ஆறே ஒரு செக்ரோல் வைத்துக்கொள்கிறது. ஜாவாவில் அதற்குப் 'பிராப்பர்ட்டி சேஞ்ச் சப்போர்ட்' என்று பெயர். அதில் பதிந்துகொள்பவர் 'பிராப்பர்ட்டி சேஞ்ச் லிசனர்'. நிலை மாறியதும் பண்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு மூன்றும் எல்லாருக்கும் போகும். பழையது எதற்கு? விழிப்பிலிருந்து எச்சரிக்கைக்கு ஏறுவதும் அபாயத்திலிருந்து எச்சரிக்கைக்கு இறங்குவதும் ஒன்றல்லவே! முதலாவதற்குத்தான் சைரன்.

இங்கே பலர் சறுக்குவார்கள். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் சமமாக இருந்தால் ஜாவா யாருக்கும் அறிவிக்காது. நல்ல ஏற்பாடுதான், உணர்கருவி ஒரே அளவைத் திரும்பத் திரும்ப அனுப்பினாலும் சைரன் அலறாது. ஆனால், புதிய மதிப்பைப் பண்பில் எழுதிவிட்டு அதற்குப் பிறகு 'பழையது' என்று அதையே எடுத்து அனுப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆறு கரை புரளும், சைரன் ஊமையாக இருக்கும். பிழைச்செய்தியும் வராது. முதலில் பழையதை எடுத்து வையுங்கள், பிறகு மாற்றுங்கள், கடைசியில் அறிவியுங்கள்.

பழைய நூல்களில் 'அப்சர்வபிள்' என்ற வகுப்பைப் பார்க்கலாம். 2017-இல் வந்த ஜாவா 9 அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. இன்னொன்று: தோட்டத்தை விட்டுப் போனவர் பெயரைக் கிராணி அடித்துவிடுவார். மூடிய திரையின் பெயரை நீங்களும் பட்டியலிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் அது நினைவகத்தை விட்டுப் போகாது.