உறைய வைத்த காய்கறி: குளிர் கிருமியைக் கொல்லாது

பட்டாணி மலிந்து விலை சரியும் காலத்தில் அதை உறைய வைத்தால், பல மாதங்கள் கழித்தும் விற்கலாம். ஆனால் கெட்ட காயைக் குளிர் நல்ல காயாக்கிவிடாது. காய் உள்ளே போகும்போது இருந்த தரமே வெளியே வரும்போதும் இருக்கும்.

ஆலையில் செய்முறை

பறித்த சில மணி நேரத்திலேயே பட்டாணியின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். ஆகவே இளம் பதத்தில் பறித்து, வெயில் படாமல் விரைவில் ஆலை சேர்க்க வேண்டும். அங்கே உரித்துக் கழுவிய மணிகளை வெந்நீரில் அல்லது நீராவியில் ஓரிரு நிமிடம் வைக்கிறார்கள். இதனால் நொதிகள் செயலிழந்து, நிறமும் மணமும் நிலைக்கின்றன. பிறகு குளிர்ந்த நீரில் ஆற்றி, நீரை வடித்து, துளைகள் உள்ள பெல்ட்டில் செலுத்துகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழ் 30 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்ந்த காற்று அடியிலிருந்து வேகமாக வீச, மணிகள் ஒட்டாமல் தனித்தனியே சில நிமிடங்களில் உறைகின்றன.

மெதுவாக உறைந்தால் காயினுள் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகித் திசுவைக் கிழிக்கும். உருகும்போது நீர் வடிந்து காய் கொழகொழத்துவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் பொடியாக இருக்கும். அதன்பின் கிடங்கு, வண்டி, கடை எங்கும் மைனஸ் 18 டிகிரி குளிர் குறையக்கூடாது.

கிருமிகள் உறங்கும், சாகா

உறைநிலையில் பெரும்பாலான கிருமிகள் வளராமல் அடங்கியிருக்கும். உருகியதும் மீண்டும் பெருகும். 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் லிஸ்டீரியா கிருமியால் 47 பேர் நோயுற்று, 9 பேர் இறந்தனர். ஹங்கேரி நாட்டு ஆலை ஒன்றில் உறைய வைத்த மக்காச்சோளமே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எனவே உறைந்த காய்கறிகளை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

வீட்டில் செய்வோர் கவனத்திற்கு

1. நான்கு லிட்டர் கொதிநீரில் அரை கிலோ காய் இடவும். பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், பீன்ஸ், சிறு வெண்டைக்கு 3 நிமிடம் போதும்.

2. எடுத்ததும் அதே அளவு நேரம் ஐஸ் நீரில் ஆற்றி, ஈரம் போக வடிக்கவும்.

3. தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டவும். தேதி எழுதி வைக்கவும்.

4. மின்சாரம் நின்றால் கதவைத் திறக்க வேண்டாம். நிறைந்த டீப் ஃப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர் காக்கும். முழுதும் உருகி வெதுவெதுப்பானதை மீண்டும் உறைய வைக்காமல் எறிந்துவிடுவதே நலம்.

ஆலைக்குக் காய் தர விரும்பும் விவசாயிகள், எந்த ரகம், எந்தப் பதம், பறித்த எத்தனை மணிக்குள் சேர்க்க வேண்டும் என்பதை விதைக்கும் முன்பே கேட்டறிவது நல்லது. பூச்சிமருந்து தெளித்தபின் குறிப்பிட்ட நாட்கள் கழித்தே பறிக்க வேண்டும். உறைய வைப்பதால் மருந்தின் எச்சம் நீங்காது.